மருந்து கொடுத்தால் கடமை முடிந்ததா?

நோயாளிக்கு மருந்து கொடுப்பது அரசின் கடமை என்பதை இந்நாட்டில் இன்று மறுப்பார் எவருமிலர். மருந்துக்குப் பணம் கேளாத அரசாங்க வைத்தியசாலை, இலங்கை மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் ஒன்று. அப்பேற்றின் அருமையை வன்னி மக்கள் நன்கு அறிவர். அஃது இல்லாத காலத்தையும் கண்டவர்கள் அவர்கள். 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பெட்டி மருந்து வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதற்கு எத்தனை அனுமதிச் சீட்டுகள் வேண்டியிருந்தன என்பதையும், 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வைத்தியசாலைகளே நோயாளரோடு இடம்பெயர்ந்து திரிந்தமையையும் நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்நாட்களில் வன்னி எழுப்பிய குரல் ஒன்றே: "மருந்தைத் தடுக்காதீர்!" இன்று எழுப்பவேண்டிய குரல் வேறு. மருந்து வருகின்றது. ஆனால், அம்மருந்து புகுந்த உடலில் என்ன நிகழ்கின்றது என்பதை அளந்து பார்க்கும் கருவியும், அக்கருவியை இயக்கும் கையும், அக்கை எழுதியதைத் தாய்க்கு அவள் மொழியிற் சொல்லும் வாயும் அம்மருந்தோடு வருகின்றனவா? இதுவே எமது கேள்வி.

இக்கேள்வியை நாம் பொதுவாகக் கேட்கவில்லை. வாய்திறந்து தன் துன்பத்தைச் சொல்ல முடியாத ஒருவர் சார்பிற் கேட்கின்றோம். அவர் வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும், இரண்டு வயது நிரம்பாத வன்னிக் குழந்தை.

வலிப்பு சாபமன்று

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். வலிப்பு தெய்வ கோபமுமன்று, பேயின் செயலுமன்று, பெற்றோர் செய்த பாவத்தின் பலனுமன்று. அது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் குழப்பம். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்றும், ஒழுங்காக நோயறிந்து மருந்து கொடுத்தால் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிறக்கும்போது மூச்சுத் திணறியமை, பிறந்த சில நாட்களுள் இரத்தத்திற் சீனி மிகக் குறைந்தமை, மூளைக் காய்ச்சல், மூளையின் அமைப்புக் குறைபாடு, பரம்பரையாக வரும் வளர்சிதைமாற்றக் கோளாறு ஆகியன கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வருவதற்குரிய காரணங்களுட் சில. இவற்றுள் எதற்கும் நூல் கட்டுவது மருந்தாகாது. நோயை மறைப்பதால் குழந்தையின் நாட்களே வீணாகும்.

ஆதலின், இக்கட்டுரையிற் பின்னர் கூறப்போகும் எதையும் கேட்டு, குழந்தைக்கு வைத்தியர் கொடுத்த மருந்தை ஒரு வேளையேனும் எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதால் விடாத வலிப்பு வந்து உயிரையே குடிக்கக்கூடும். மருந்தின் பக்கவிளைவைப் பற்றி நாம் எழுதுவது மருந்தை வெறுப்பதற்காகவன்று. மருந்தைத் தந்தவர் அதன் விளைவையும் கண்காணிக்கக் கடமைப்பட்டவர் என்று நிலைநாட்டுவதற்கே எழுதுகின்றோம்.

கொழும்பு காட்டிய வழி

1841ஆம் ஆண்டில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ற் என்ற ஆங்கில வைத்தியர் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி வேறு எவருமல்லர். அவருடைய சொந்த மகனே. அக்குழந்தையின் தலை திடீரென முன்னோக்கிக் கவிழும், உடல் குனியும், பின் நிமிரும், மீண்டும் கவிழும். சலாம் போடுவது போன்ற இந்த வலிப்புக்கு வைத்திய உலகம் பின்னர் அத்தந்தையின் பெயரையே சூட்டியது. பெரும்பாலும் முதலாண்டுக்குள்ளேயே வரும் இதனை, வயிற்றுக்குத்து என்றும், குழந்தை திடுக்கிடுகின்றது என்றும் தாய்மார் எண்ணிவிடுவதுண்டு. நாட்கள் கடக்கக் கடக்கக் குழந்தையின் சிரிப்பு மறையும். முகம் பார்ப்பது குறையும். அறிவு வளர்ச்சி தடைப்படும். ஆகவே இங்கே விரைவே சிகிச்சையின் பாதி.

1958ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்கு ஒருவகை ஓமோன் ஊசி வழங்கப்பட்டு வந்தது. விலை உயர்ந்த ஊசி. குளிரில் வைத்துப் பாதுகாக்கப்பட வேண்டியது. வறிய நாட்டின் வறிய பிள்ளைக்கு அஃது எட்டாக் கனி. இந்நிலையிற் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஜிதாங்கி வனிகசிங்கவும் அவருடைய குழுவினரும் ஒரு பரீட்சையை நடத்தினர். புதிதாக நோய் கண்ட 97 குழந்தைகளை இரு பிரிவாக்கி, 48 பேருக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரையும், 49 பேருக்கு ஊசியும் கொடுத்துப் பார்த்தனர். பதினான்காம் நாளில், மாத்திரை பெற்றோருள் 28 பேருக்கும், ஊசி பெற்றோருள் 18 பேருக்கும் வலிப்பு நின்றிருந்தது. 2015ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. எந்த மருந்தகத்திலும் கிடைக்கும் மலிவான மாத்திரை விலையுயர்ந்த ஊசிக்குச் சளைத்ததன்று என இலங்கைக் குழந்தைகளைக் கொண்டே இலங்கை வைத்தியர் நிறுவினர். இதனைப் பாராட்டாதிருத்தல் நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால், அந்த வெற்றியின் மறுபாதியையும் நாம் படித்தல் வேண்டும். இச்சிகிச்சையில் ஏழு எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குக் கொடுக்கப்படுவது 40 முதல் 60 மில்லிகிராம். ஆஸ்துமா முற்றிய வளர்ந்த ஆளொருவருக்குக் கொடுக்கும் அளவு இது! இத்தகைய பேரளவு குழந்தையின் உடலிற் புகும்போது இரத்தத்திற் சீனி ஏறலாம், இரத்த அழுத்தம் உயரலாம், பொற்றாசியம் குறையலாம், பசி பெருகி முகமும் உடலும் ஊதலாம். நோயை எதிர்க்கும் ஆற்றல் தாழ்வதால், சாதாரணக் காய்ச்சலும் கொப்புளிப்பானும் ஆபத்தாகலாம். சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியும் வரும். அன்றியும், உடல் தானாகச் சுரக்கும் ஓமோன் அடங்கிவிடுவதால் மாத்திரையைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். மாத்திரை தீர்ந்துவிட்டது, பஸ் வரவில்லை என்று இரண்டு நாள் விட்டுவிட்டால் குழந்தை சோர்ந்து, சீனியும் அழுத்தமும் வீழ்ந்து, உயிராபத்து நேரலாம்.

கொழும்பில் அம்மாத்திரையைக் கொடுத்தவர்கள் அதனைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எடை பார்த்தனர், அழுத்தம் பார்த்தனர், சீனி பார்த்தனர். பரீட்சையில் வென்றது மாத்திரை மட்டுமன்று. மாத்திரையும் கண்காணிப்பும் சேர்ந்தே வென்றன. மாத்திரை விசுவமடுவுக்கும் மல்லாவிக்கும் சென்றுவிடும். கண்காணிப்பு அதனோடு செல்லாவிட்டால் வன்னிக் குழந்தைக்குக் கிடைப்பது கொழும்புக் குழந்தைக்குக் கிடைத்த அதே சிகிச்சை எனக் கூறமுடியுமா?

அளவு மிஞ்சாமலே வரும் நஞ்சு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. கைக்குழந்தையின் வலிப்பு மருந்துகளிலோ அளவு மிஞ்சாமலே நஞ்சு பிறப்பதுண்டு. வளரும் ஈரலும், வளரும் சிறுநீரகமும், வளரும் எலும்பும் அம்மருந்தை ஏற்கும் விதம் வளர்ந்தோர் உடல் ஏற்பதைப் போன்றதன்று.

சோடியம் வல்புரோயேற் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். வலிப்பை அடக்குவதில் வல்லமை மிக்கது. கோடிக்கணக்கானோர் பயனடைந்த மருந்து. கொழுப்பை எரித்து உடலுக்குச் சக்தி தருவதற்குக் கார்னிற்றின் என்ற பொருள் தேவை. வல்புரோயேற் அக்கார்னிற்றினைத் தன்னோடு பிணைத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். உடலின் கழிவான அமோனியாவை யூரியாவாக மாற்றும் ஈரலின் வேலையையும் தடைசெய்யும். அமோனியா இரத்தத்தில் ஏறினால் குழந்தை வாந்தியெடுக்கும், பால் குடியாது, எழுப்பினாலும் எழும்பாத தூக்கத்தில் ஆழும். சிற்சில குழந்தைகளில் ஈரலே செயலிழக்கும். அமெரிக்காவில் 1978 முதல் 1984 வரையிலான மரணங்களை ஆராய்ந்து 1987இல் வெளியான அறிக்கை, இரண்டு வயதுக்குட்பட்டு வேறு வலிப்பு மருந்துகளோடு வல்புரோயேற்றையும் உண்ட குழந்தைகளில் 500 பேருக்கு ஒருவர் ஈரல் செயலிழந்து மாண்டதாகக் கூறிற்று. தனி மருந்தாக உண்டோருள் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் அது 37,000 பேருக்கு ஒருவர். எண்களின் வேறுபாட்டைப் பாருங்கள்! ஆபத்து எங்கே குவிந்திருக்கின்றது என்பதை வைத்தியர்கள் அறிந்து, மருந்து எழுதும் முறையை மாற்றினர். அடுத்து வந்த ஆய்வில், அம்மருந்தின் பாவனை கூடியிருந்தும் மரண விகிதம் குறைந்திருந்தது. அறிந்து செய்தால் குழந்தை பிழைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

பரம்பரையான வளர்சிதைமாற்றக் கோளாறுள்ள குழந்தைக்கே இம்மருந்து மிகக் கொடியது. அக்கோளாறே பல குழந்தைகளின் வலிப்புக்குக் காரணமாகவும் அமைவதுண்டு. கோளாறு உண்டா இல்லையா எனச் சோதியாமல் மருந்தைத் தொடங்குவது, கிணற்றின் ஆழம் பாராமற் பிள்ளையை இறக்குவது போலாகும்.

பீனோபாபிற்றோன் 1912ஆம் ஆண்டு முதல் வலிப்புக்கு வழங்கும் மருந்து. விலை மிகக் குறைவு. பீனிற்றோயின் 1938இல் வந்தது. இவ்விரண்டும் ஈரலை முடுக்கி விற்றமின் டியை விரைவில் அழிக்கச் செய்வன. நெடுங்காலம் உண்ட குழந்தைகளின் எலும்பு சுண்ணாம்புச் சத்தின்றி மெலிந்து வளைவதை 1968ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியிலிருந்து வைத்தியர் எழுதிவிட்டனர். வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால், வலிப்பு வந்த பிள்ளையை அயலார் கண்ணிற் படாமல் வீட்டுக்குள் வைத்திருக்கும் வழக்கம் உள்ளவரையில் அந்த வெயில் யாருக்குப் பயன்?

வெயிலைப் பற்றிப் பேசுகையில் ரொபிரமேற் என்ற மருந்தையும் கூறவேண்டும். அஃது இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும். குழந்தை வேகமாக மூச்சுவாங்கும், உண்ண மறுக்கும், வளர்ச்சி தளரும். சிறுநீரகத்திற் கல் உண்டாகவும் வழிசெய்யும். வியர்வையையும் குறைத்துவிடும். வியர்க்காத குழந்தையின் உடல், ஏப்பிரல் மாதத்து வன்னி வெக்கையில், தகரக் கூரையின் கீழ் எவ்வளவு சூடேறும் என்பதை எண்ணிப் பாருங்கள். வேனிலில் கிணறுகள் வற்றும் ஊர்களும், சிறுநீரக நோய் பரவிய வவுனியா மாவட்டத்துக் கிராமங்களும் உள்ள இப்பிரதேசத்தில், "பிள்ளைக்குத் தண்ணீர் போதியளவு கொடுங்கள், வெயிலில் வைத்திருக்காதீர்கள்" என்ற இரண்டு வாக்கியங்கள் தமிழில் எழுதப்பட்ட ஒரு துண்டுக் காகிதமும் ஓர் உயிரைக் காக்கக்கூடும். வல்புரோயேற்றோடு இம்மருந்தும் சேரின் அமோனியா ஏறும் ஆபத்து மிகும் என்பதும் மறக்கற்பாலதன்று.

குழாய் காத்திராது

இனி வன்னியின் நிலத்தைப் பார்ப்போம். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் சந்திக்கு வருவதற்கே 50 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். கொழும்புக்கோ 300 கிலோமீற்றருக்கும் அதிகம். குழந்தை நரம்பியல் நிபுணர்கள் பெரும்பாலும் கொழும்பு, கண்டி போன்ற பெருநகரங்களிலேயே உள்ளனர். கொக்கிளாயிலோ துணுக்காயிலோ இருந்து புறப்படும் தாய், விடியுமுன் பஸ் ஏறவேண்டும். மற்றப் பிள்ளைகளை அயல்வீட்டில் விடவேண்டும். ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். போரிற் கணவனை இழந்து தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்கள் இங்கு எத்தனை பேர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இலவச மருந்து எனப்படுவது அவளுக்கு எவ்வளவு விலையுள்ள மருந்து என்பதை அவளே அறிவாள்.

தூரத்தைத் துன்பம் என்று கூறி நிறுத்திக்கொள்வோரும் உளர். தூரம் சில வேளைகளில் மரணமுமாகும். அமோனியாவை அளப்பதற்கு எடுத்த இரத்தக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, உடனே ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். தாமதித்தாற் குழாய்க்குள்ளேயே அமோனியா பெருகிப் பொய்யான எண்ணைக் காட்டும். கிளிநொச்சியில் எடுத்த இரத்தத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்ற சமாதானம் இந்தச் சோதனைக்குச் செல்லாது. குழாய் காத்திராது, மயங்கிய குழந்தையும் காத்திராது. குழந்தை எந்த வைத்தியசாலையிற் கிடக்கின்றதோ அந்த வைத்தியசாலையிலேயே அதனை அளக்கும் வசதி இருந்தாக வேண்டும்.

மாவட்ட வைத்தியசாலைகளிற் பணியாற்றும் வைத்தியரையும் தாதியரையும் நாம் குறைகூறவில்லை. குண்டுமழைக்குள்ளும் கடமையை விடாதவர்களின் வாரிசுகள் அவர்கள். ஆயுதமின்றிப் படைவீரனைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தோல்விக்கு அவனையே பொறுப்பாளியாக்குவது நீதியன்று.

சட்டம் யாது கூறுகின்றது?

இக்கோரிக்கை இரங்கிக் கேட்கும் பிச்சையன்று, சட்டத்தின்பாற்பட்ட உரிமை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980ஆம் ஆண்டு சேர்ந்தது. அதன் 12ஆம் உறுப்புரை அடையத்தக்க மிகவுயர்ந்த சுகநிலை ஒவ்வொருவருக்கும் உரியதென ஏற்கின்றது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை 1991ஆம் ஆண்டு இலங்கை உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை அதே உரிமையைக் குழந்தைக்குத் தனியே வழங்குகின்றது. எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது; பிறந்த இடம் காரணமாக எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. கொழும்பிற் பிறந்த குழந்தையின் இரத்தம் அளக்கப்படும், ஒட்டுசுட்டானிற் பிறந்த குழந்தையின் இரத்தம் அளக்கப்படமாட்டாது என்ற நிலை உண்டாயின், அது வெறும் வசதிக் குறைவு மட்டும்தானா?

மொழியும் இவ்வாறே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாக்கிற்று. அவ்வாறிருக்க, தாயின் கையிற் போய்ச் சேரும் மருந்துத் தாளில் ஆங்கிலம் மட்டுமே இருப்பின், அந்தச் சட்டம் யாருடைய நன்மைக்கு? "எழுப்பினாலும் எழும்பாவிட்டால் உடனே வருக" என்ற எச்சரிக்கை, வாசிக்கவேண்டியவளுக்கு விளங்காத மொழியில் இருப்பது, இல்லாமைக்குச் சமம்.

அதே 13ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்குப் பகிர்ந்தளித்தது. போதனா வைத்தியசாலைகளோ மத்திய அரசின் கையில் உள்ளன. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே மாகாணத்தின் நிருவாகம் பல்லாண்டு நடந்தது. மாகாணத்தைக் கேட்டால் மத்தியைக் காட்டுவதும், மத்தியைக் கேட்டால் மாகாணத்தைக் காட்டுவதும் உத்தியோக உலகுக்குப் பழகிய விளையாட்டு. குழந்தையின் ஈரலுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது.

ஆட்சேபங்களும் விடையும்

"இத்தகைய குழந்தைகள் சிலரே, சிலருக்காக இவ்வளவா?" என்பர். உரிமை என்பது தலையெண்ணித் தருவதன்று. அன்றியும், அமோனியா அளக்கும் வசதி ஈரல் நோயாளருக்கும் பயன்படும்; அமிலமும் உப்பும் அளக்கும் வசதி வயிற்றோட்டக் குழந்தைக்கும், பாம்பு தீண்டிய விவசாயிக்கும், சிறுநீரக நோயாளருக்கும் பயன்படும். சிலருக்காகத் திறந்த கதவின் வழியே பலரும் உட்செல்வர்.

"பணமில்லை" என்பர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துக்கே நாடு தவித்ததை நாமும் அறிவோம். அக்காலத்தில் ஒரு மருந்து கிடையாமல் வேறொன்றும், ஒரு வலுவுள்ள மாத்திரைக்குப் பதில் வேறு வலுவுள்ளதும் கொடுக்கப்பட வேண்டிய நிலை எழுந்தது. அளவு மாறும்போது கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும் என்பதே அதனாற் பெறப்படும் பாடம். மேலும், வேண்டுவன யாவும் விலையுயர்ந்தனவும் அல்ல. ஒரு நல்ல தராசு; குழந்தையின் கைக்கேற்ற சிறிய இரத்த அழுத்தப் பட்டி; விரல்நுனி இரத்தத்திற் சீனி பார்க்கும் சிறு கருவி; வெப்பமானி. இவை ஆதார வைத்தியசாலையிலும் பிரதேச வைத்தியசாலையிலும் எந்நாளும் இருக்கத் தடை என்ன?

"வன்னி காடும் தூரமுமான பிரதேசம்" என்பர். இதற்கு இந்நாட்டின் சரித்திரமே விடை கூறும். மலேரியாவை ஒழிப்பதற்கு இதே காடுகளுக்குள் இதே அரசின் உத்தியோகத்தர் சென்றனர். காய்ச்சல் என்றவரின் விரலிற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுணுக்குக்காட்டியிற் பார்த்தனர். போர் நடந்த ஆண்டுகளிலும் அப்பணி முற்றாக நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. ஒவ்வொரு துளி இரத்தத்தையும் தேடிச் சென்று பார்க்கவல்ல அரசு, தானே மருந்து கொடுத்த குழந்தையின் ஒரு துளியைப் பார்க்க இயலாதென்றால் யார் நம்புவர்?

நாம் வேண்டுவன

ஒன்று: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் அமோனியா, இரத்த அமிலநிலை, உப்புகள், ஈரற் செயல், சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றை அளக்கும் வசதி இரவும் பகலும் இருத்தல் வேண்டும், கருவி பழுதுற்றால் மாற்று ஒழுங்கு எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரண்டு: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வல்புரோயேற்றோ பேரளவுப் பிரெட்னிசொலோனோ தொடங்குமுன், நிபுணர் ஒருவருடன் தொலைபேசியிலேனும் கலந்தாலோசிக்கும் ஒழுங்கு நிலைபெறல் வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு குழந்தைக்கும் தமிழில் ஒரு மருந்து அட்டை வேண்டும். மருந்தின் பெயர், அளவு, அடுத்த சோதனையின் திகதி, ஆபத்தின் அறிகுறிகள் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் அதனைப் பார்த்துக் கையொப்பமிடல் வேண்டும்.

நான்கு: தூர இடத்துக் கிளினிக்குக்குச் செல்லும் தாய்க்குப் பிரயாணச் செலவு கிடைத்தல் வேண்டும்.

இவற்றுள் எவை ஏற்கெனவே உள்ளன, எவை இல்லை என்பதை மூன்று மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளும் பகிரங்கமாகக் கூறட்டும். கூறாவிடிற் கேட்பதற்குச் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எக்குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். கேட்பவரின் உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலாயின் 48 மணித்தியாலத்துக்குள் விடை கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும், மாதர் சங்கமும், பிரதேச சபை உறுப்பினரும் இந்நான்கையும் நான்கு கேள்விகளாக்கி ஒரு தாளில் எழுதி அனுப்புவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தாய்மாருக்கு ஒரு சொல்

சோதனைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடா. ஈரற் சோதனை சரியாக இருக்கும்போதே அமோனியா ஏறியிருப்பதுண்டு. ஆகையாற் பெற்றவளின் கண்ணுக்கு நிகரான கருவி இல்லை. மருந்து உண்ணும் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால், பால் மறுத்தால், வழமைக்கு மாறாகத் தூங்கினால், கண் மஞ்சளானால், முகம் வீங்கினால், வேகமாக மூச்சுவாங்கினால், வியர்வையின்றி உடல் கொதித்தால், அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் பெருகினால், விடியட்டும் எனக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். உண்ணும் மருந்துகள் யாவற்றையும் கையோடு கொண்டு சென்று காட்டுங்கள். "என்ன சோதனை செய்தீர்கள், முடிவு என்ன?" என்று தயங்காமற் கேளுங்கள். அது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் அதனை விரும்புவர்.

தந்தையருக்கும் ஒன்று கூறுவோம். வில்லியம் வெஸ்ற் தம் மகனின் நோயை மறைத்திருந்தால் உலகம் அந்நோயை அறிய இன்னும் நெடுங்காலம் சென்றிருக்கும். அவர் வெட்கப்படவில்லை, எழுதினார், உதவி கேட்டார். வன்னியின் தந்தையரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மருந்தைத் தடுத்த காலம் போயிற்று. மருந்தைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காலம் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள நாம் விடலாகாது. மருந்துப் போத்தலோடு தராசும், தராசோடு ஆய்வுகூடமும், ஆய்வுகூடத்தோடு தமிழில் எழுதிய ஓர் அட்டையும் வன்னிக்கு வந்து சேரட்டும். அதுவரையில், அரசு தன் கடமையின் பாதியையே செய்திருக்கின்றது என்று மக்கள் மன்றத்தில் நாம் கூறிக்கொண்டேயிருப்போம்.